20 எச்பி போதுமா? ஆரணிப் பெரியப்பாவிடம் நான் கற்றுக்கொண்ட பைக் கணக்கு

இந்த எபிசோடு ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. யார்கிட்ட கேட்கிறேன்னா, ஆரணியில இருக்கிற என் பெரியப்பாகிட்ட.

பெரியப்பாவுக்கு 62 வயசு. நாற்பது வருஷம் பட்டுத்தறி. குழித்தறியில உட்கார்ந்து காலால மிதி மிதிச்சே முழங்கால் தேஞ்ச மனுஷன். அவருக்கு ரெண்டே ரெண்டு விஷயத்துலதான் ஆசை. ஒண்ணு டிகிரி காபி. இன்னொண்ணு, 2009-ல வாங்கின 350 சிசி புல்லட். ஞாயித்துக்கிழமை காலைல கிளம்புவார். போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர் வானாய்வகம் பக்கம் சுத்திட்டு, சாயங்காலத்துக்குள்ள வீடு. தறியை நிறுத்தினதுக்கு அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வரணும்னு சொல்லிட்டே இருந்தார்.

போன வருஷம் எனக்கு போனஸ் வந்துச்சு. "பெரியப்பா, அவ்ளோ தூரத்துக்கு இந்த வண்டி பத்தாது. பெரிய வண்டி வாங்கித் தரேன்"னு சொன்னேன். "இன்னாத்துக்குடா தம்பி, இதுவே போதும்"னார். நான் விடல. வற்புறுத்தி வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய பைக்கை டெஸ்ட் ரைடு எடுக்க வெச்சேன்.

ஓட்டும்போது ஒண்ணும் ஆகல. திரும்பி வந்து நிறுத்தும்போதுதான் ஆச்சு. தரை லேசா சரிவு. இடது காலை ஊன்றினார், வண்டி கொஞ்சம் சாய்ஞ்சது, முழங்கால் தாங்கல. மெதுவா, ரொம்ப மெதுவா, வண்டியும் அவரும் கீழ. எலும்பு முறியல. ஆனா முழங்கால் வீங்கி மூணு வாரம் படுக்கை. வீட்ல பெரியம்மாவும் அக்காவும் ஒரே முடிவுக்கு வந்துட்டாங்க: இனிமே பைக்கே வேணாம். புல்லட்டை வித்துடு.

பெரிய வண்டி வேணும்னு கேட்டது அவர் இல்ல, நான். ஆனா இருந்த வண்டியும் போற நிலைமை அவருக்கு. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இஞ்சினியரிங் படிச்சவன் முதல்ல போட வேண்டிய கணக்கு அது.

80-ல போக எத்தனை எச்பி வேணும்?

பைக் சமதரையில ஒரே வேகத்துல போகும்போது இஞ்சின் ரெண்டே விஷயத்தை எதிர்த்துத்தான் வேலை செய்யுது. டயர் உருளும்போது வர்ற தடை, அப்புறம் காற்று. இதுல காற்றுதான் பெரிய எதிரி. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தோட மும்மடியா ஏறும். அதாவது வேகம் ரெண்டு மடங்கானா, சக்தி எட்டு மடங்கு வேணும்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுற ஒருத்தர், வண்டியும் ஆளும் சேர்ந்து 280 கிலோன்னு வெச்சுக்கலாம். தோராயமா வர்ற கணக்கு இது. மணிக்கு 80 கிலோமீட்டர்ல போகச் சுமார் 7 எச்பி. 100-ல போகச் சுமார் 12. 120-க்குச் சுமார் 20.

இந்த மூணு எண்ணையும் இன்னொரு தடவை பாருங்க. 80-லிருந்து 120-க்குப் போனா வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுது. சக்தி கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகுது. இப்போ வர்ற ராயல் என்ஃபீல்டு 350 சிசி இஞ்சின் சுமார் 20 எச்பி கொடுக்குது. அந்த வண்டிகள் ஏன் 115, 120 பக்கத்துல மூச்சு வாங்குதுன்னு இதுலேயே புரியும். அதே வண்டி 80-ல போகும்போது தன் பலத்துல பாதிகூடச் செலவழிக்கறதில்ல. அப்போ பெரியப்பா ஓட்டுற வேகத்துக்கு 47 எச்பி வண்டி எதுக்கு? மீதி நாற்பது சும்மாதான் கூட வரும். அதுக்கும் சேர்த்து எடையைத் தாங்கறது அவரோட முழங்கால்.

மலை ஏற?

"சமதரை சரி, ஜவ்வாது மலை ஏற வேணாமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுற சரிவுல, மணிக்கு 40 கிலோமீட்டர்ல ஏற, சமதரைக்கு ஆகறதைவிடக் கூடுதலா வேண்டியது மூன்றரை எச்பிக்கும் குறைவு. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவா இருந்தாலும், கொல்லிமலையோட 70 வளைவா இருந்தாலும், அங்க யாரும் 100-ல ஏறப்போறதில்ல. அங்க தேவைப்படறது குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கிற இழுவை. அந்த 350 இஞ்சின் தன்னோட அதிகபட்ச இழுவையான 27 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்பிஎம்லேயே கொடுத்துடுது. கியரை அடிக்கடி மாத்த வேண்டியதில்ல. இடது கை மணிக்கட்டு வலிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இன்னும் உயரமா போவோம். லடாக்ல இருக்கிற கர்துங் லா சுமார் 5,359 மீட்டர். அங்க காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதி. இஞ்சினும் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். அப்படியும் பழைய புல்லட்டுகள் பல வருஷமா அங்க ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கு. 2016-ல வந்த ஹிமாலயன் 411-க்கு வெறும் 24.5 எச்பிதான். "இட்சி பூட்ஸ்" சேனலை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நெதர்லாந்தைச் சேர்ந்த நோரலி 2018-ல இந்தியாவுல அந்த வண்டியை வாங்கித்தான் தன் பயணத்தையே ஆரம்பிச்சாங்க. கண்டம் தாண்ட 24 எச்பி போதும்னா, ஆரணியிலிருந்து தனுஷ்கோடிக்கு?

எச்பி உண்மையிலேயே எங்க உதவும்?

ஒரு பக்கமா மட்டும் பேசக்கூடாது. கூடுதல் சக்தி நிஜமா உதவுற இடம் ஓவர்டேக். 60-லிருந்து 80-க்கு முடுக்க 20 எச்பி வண்டிக்கு நாலஞ்சு வினாடி ஆகும்னா, 47 எச்பி வண்டிக்கு ரெண்டு வினாடி போதும். வித்தியாசம் மூணு வினாடி. எதிர்ல ஒரு கார் 80-ல வருது, நீங்க 70-ல போறீங்கன்னா, அந்த மூணு வினாடியில உங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் 125 மீட்டர் குறைஞ்சிடும்.

அதனால சின்ன வண்டிக்காரர் என்ன செய்யணும்? இன்னும் 125 மீட்டர் கூடுதலா சாலை காலியா இருக்கிற வரைக்கும் லாரிக்குப் பின்னாடி காத்திருக்கணும். அவ்ளோதான் விலை. பின்னாடி ஆள், ரெண்டு பக்கமும் பை, எதிர்க்காற்று, தினமும் ரெண்டுவழிச் சாலைன்னா அந்த விலை கொஞ்சம் ஜாஸ்தி. அவங்க 40 எச்பி பக்கம் யோசிக்கறது நியாயம்தான். பெரியப்பா தனியா போறவர். காத்திருக்கத் தெரிஞ்சவர். "தறியில அவசரப்பட்டா இழை அறுந்துடும்டா. அதை முடிச்சுப் போடற நேரத்துல ரெண்டு விரல் அகலம் நெஞ்சிருக்கலாம்"னார்.

நாலுவழிச் சாலையில 300 கிலோமீட்டரை 80-லேயே போனா மூணே முக்கால் மணி நேரம். 100-ல போனா மூணு மணி நேரம். மிச்சம் 45 நிமிஷம். பெரியப்பா ரெண்டு டீக்கடையில உட்கார்ற நேரம் அது.

வயசானா மாறுறது எது?

முதல்ல, கண்ணுலயிருந்து கைக்குப் போற நேரம். ஆபத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்க ஒன்றரை வினாடி ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. 80-ல போனா, பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடியே 33 மீட்டர் போயிருப்பீங்க. வண்டி முழுசா நிக்கச் சுமார் 70 மீட்டர். 100-ல போனா அது 100 மீட்டர் பக்கம் வந்துடும். வேகத்தைக் குறைக்கறது, இழந்த வினாடியைத் திரும்ப வாங்கற மாதிரி.

ரெண்டாவது, கண். வயசாக ஆகக் கண்பாவை சின்னதாகும், லென்ஸ் மங்கும், எதிர் வண்டியோட லைட் பட்டா பார்வை திரும்ப நேரம் எடுக்கும். 40 வயசைத் தாண்டினவங்க லைசென்ஸ் புதுப்பிக்க, படிவம் 1ஏ-ல டாக்டர் சான்று கொடுக்கணும். 55-க்கு மேல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். பலபேர் அதை ஒரு கையெழுத்தா நினைக்கிறாங்க. பெரியப்பாவை நிஜமாவே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கண்புரை ஆரம்பம்னாங்க. அன்னையிலிருந்து பொழுது சாய்ஞ்சா வண்டி எடுக்கறதில்ல.

மூணாவது, அவரைக் கீழ தள்ளின விஷயம். எடை. 200 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், கைப்பிடி ஒரு மீட்டர் உயரம்னு வெச்சுக்கலாம். வண்டி 10 டிகிரி சாய்ஞ்சா கைப்பிடியில நீங்க தாங்க வேண்டியது சுமார் 17 கிலோ. 20 டிகிரியில 34 கிலோ. 30 டிகிரியில 50 கிலோ. முதல் பத்து டிகிரியில பிடிக்கலைன்னா அப்புறம் பிடிக்க முடியாது. இருபத்தஞ்சு வயசுல நாம இதைக் கவனிக்கறதே இல்ல, ஏன்னா கால் தானா பிடிச்சுடும்.

ஒரே கம்பெனியோட ரெண்டு வண்டியை ஒப்பிட்டா இது தெளிவா தெரியும். மீட்டியார் 350-யோட எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 241 கிலோ. நடுவுல 50 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டை. எடை மட்டும் பார்த்தா எக்ஸ்பல்ஸ் 200 இன்னும் லேசு, 160 கிலோவுக்குள்ள. ஆனா அதோட சீட் உயரம் 825 மில்லிமீட்டர். மீட்டியார் 350-க்கு 765. பெரியப்பா உயரத்துக்கு ரெண்டு பாதமும் முழுசா தரையில பதியணும். குதிகால் தூக்கி நின்னா முழங்கால்தான் பாரம் சுமக்கும்.

எச்பி வேணாம், ஏபிஎஸ் வேணும்

அப்போ பழைய புல்லட்டே போதுமா? இங்கதான் நானும் பெரியப்பாவும் கொஞ்சம் சண்டை போட்டோம். 125 சிசிக்கு மேல இருக்கிற எல்லா புது பைக்குக்கும் 2019 ஏப்ரல்லயிருந்து ஏபிஎஸ் கட்டாயம். அவரோடது 2009 வண்டி. மழைல பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்தினா சக்கரம் பூட்டிக்கும், வண்டி வழுக்கும். வயசான கைக்கு நுணுக்கமா பிரேக் பிடிக்கறது கஷ்டம். அந்த வேலையை ஏபிஎஸ் பார்த்துக்கும்.

கடைசியில அவரே ஒத்துக்கிட்டார். அதே 350, அதே 20 எச்பி, ஆனா ஏபிஎஸ் இருக்கிற, சீட் தாழ்வான வண்டி. பணத்துலயும் லாபம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சது. அதுக்கு மேலன்னா 40 சதவீதம். நான் வாங்கித் தரேன்னு குதிச்ச பெரிய வண்டிக்கு வரியே எக்கச்சக்கம்.

பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நேரம் ஆச்சு. இந்தக் கணக்கையெல்லாம் அவங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். "கணக்கு எல்லாம் சரிடா, ராத்திரி ஓட்ட மாட்டார்னு நீ எழுதிக் கொடு"ன்னாங்க. பெரியப்பாவே எழுதிக் கொடுத்தார். ராத்திரி இல்ல. மழைல இல்ல. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல இல்ல. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி முழங்காலை நீட்டணும். அந்தத் தாள் இப்பவும் அவங்க வீட்டு காலண்டருக்குப் பின்னாடி இருக்கு.

ஜனவரியில பொங்கல் முடிஞ்சு கிளம்பினார். முதல் நாள் திருவண்ணாமலை, விழுப்புரம் வழியா திருச்சி. ரெண்டாவது நாள் புதுக்கோட்டை, ராமநாதபுரம், பாம்பன், தனுஷ்கோடி. ரோடு முடியற இடத்துல, அரிச்சல்முனையில நின்னு எனக்கு வீடியோ கால் பண்ணார். காத்துல ஒண்ணும் சரியா கேட்கல. "80-க்கு மேல போகவே இல்லடா"ன்னு மட்டும் கேட்டுச்சு.

உங்க வீட்லயும் அப்பாவோ மாமாவோ பைக் ஓட்டறவங்க இருந்தா, பெரிய வண்டி வாங்கித் தரதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ரெண்டு பாதமும் தரையில பதியுதா? நின்ன இடத்துல சாய்ஞ்சா தாங்க முடியுதா? ஏபிஎஸ் இருக்கா? எச்பியை நாலாவதா கேளுங்க. அப்படியே ஒரு தடவை கண் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க.

பெரியப்பா, நீங்க "இதுவே போதும்"னு சொன்னப்பவே கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே, பத்திரமா ஓட்டுங்க.