லிச்சித் தோலில் கிடைத்த ஈஸ்ட்

1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியிருந்தது. அங்கே இருந்த பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் ஆன்றி பூலார் ஒரு விஷயத்தைக் கவனித்தார். லிச்சி, மங்குஸ்தான் பழங்களின் தோலைக் காய்ச்சிக் குடித்த உள்ளூர்க்காரர்களைக் காலரா அவ்வளவாக அண்டவில்லை. அந்தத் தோல்களிலிருந்து அவர் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அவர் பெயராலேயே அது ‘சாக்கரோமைசிஸ் பூலார்டி’ ஆயிற்று. இன்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு போகும்போது டாக்டர் எழுதித் தரும் சின்னப் பொட்டலங்கள் சிலவற்றில் இருப்பது இதுதான்.

ரொட்டி மாவைப் புளிக்கவைத்து உப்பச் செய்யும் ஈஸ்ட்டுக்கு இது மிக நெருங்கிய உறவு. ரொட்டி ஈஸ்ட் 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாக வளரும். பூலார்டியோ நம் உடற்சூடான 37 டிகிரியில் செழிக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடாது, ஏனென்றால் இது பூஞ்சை. குடலில் குடியேறுவதும் இல்லை. சாப்பிடுவதை நிறுத்தினால் சில நாட்களில் வெளியேறிவிடும்.

சாதாரண வயிற்றுப்போக்கு நாலு நாளில் அடங்கிவிடும். குடல் அழற்சி நோய் அப்படி விடுவதில்லை. அதில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலின் உட்பூச்சைப் புண்ணாக்கும். 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் இரு சக மருத்துவர்களும் விவரித்த குரோன் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடல் சுவரை ஆழமாக அரிக்கும். வயிற்று வலி, ரத்தம் கலந்த பேதி, எடை இழப்பு என்று இளம் வயதிலேயே பலரை முடக்கிப் போடும். அடங்கியது போலிருந்து மறுபடி கிளம்பும். குடலில் காலங்காலமாக வாழும் நுண்ணுயிரிகளைக்கூட நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி ஓயாமல் தாக்குவதுதான் இதன் மூலக் கோளாறு என்று கருதப்படுகிறது.

அந்தத் தாக்குதலைப் பூலார்டியால் தணிக்க முடியுமா?

ஆய்வுக்கூடத்தில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ‘என்.எஃப். கப்பா பி’ என்ற புரதத்தை, இந்த ஈஸ்ட் சுரக்கும் ஒரு சிறு பொருள் அடக்குகிறது. எலிகளில் இன்னொன்றும் தெரிந்தது: குடலைத் தாக்கப் புறப்படும் டி செல்கள் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் வழியிலுள்ள நிணநீர்க் கணுக்களிலேயே தேங்கிவிட்டன.

நோயாளிகளிடம் சோதித்தபோது முதலில் நம்பிக்கைதான் பிறந்தது. 2000இல் இத்தாலியில், நோய் அடங்கியிருந்த 32 குரோன் நோயாளிகளை ஆறு மாதம் கவனித்தார்கள். மெசலமைன் என்ற வழக்கமான மருந்தை மட்டும் எடுத்த 16 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பியது. கொஞ்சம் குறைந்த அளவு மெசலமைனோடு ஈஸ்ட்டும் எடுத்த 16 பேரில் ஒருவருக்கு மட்டுமே திரும்பியது.

ஆனால் 32 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2013இல் பிரான்சில் 165 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. ஈஸ்ட் எடுத்தவர்களில் 47.5 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.2 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. புள்ளியியல் கணக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல.

ஈஸ்ட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவே சிக்கலானது. குரோன் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் ரத்தத்தில் ரொட்டி ஈஸ்ட்டின் செல் சுவருக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருக்கின்றன. நோயைக் கண்டறிய அதையே ஒரு தடயமாகவும் பார்க்கிறார்கள். 2017இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள், ரொட்டி ஈஸ்ட் எலிகளில் யூரிக் அமிலத்தைக் கூட்டிக் குடல் அழற்சியை மோசமாக்குவதைக் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால், ஒரே குடும்பத்து ஈஸ்ட்களில் ஒன்று அழற்சியை அணைக்கிறது, மற்றொன்று மூட்டுகிறது.

சான்றுகள் போதாததால்தான் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் 2020இல், குடல் அழற்சி நோய்க்குப் பூலார்டி போன்ற நன்மை தரும் நுண்ணுயிரிகளான புரோபயாட்டிக்குகளை ஆய்வுச் சோதனைகளுக்குள் மட்டும் தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆபத்தும் உண்டு: உயிருள்ள ஈஸ்ட் அரிதாக ரத்தத்திலும் கலந்துவிடும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கும், தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகப்பட்டவர்களுக்கும் அது உயிராபத்து. குடல் அழற்சிக்குத் தரும் மருந்துகள் பல எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. ஆகவே ஈஸ்ட் பொட்டலம் வாங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அதை நம்பி வழக்கமான மருந்தை நிறுத்தவே கூடாது.

ஆய்வாளர்கள் ஈஸ்ட்டைக் கைவிடவில்லை. புண்பட்ட குடல் செல்களிலிருந்து கசியும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு அழற்சியைத் தூண்டக்கூடியது. 2021இல் பாஸ்டனில் பிரான்சிஸ்கோ குயின்டானாவின் குழு, அந்த மூலக்கூறை உணர்ந்து அதைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும்படி ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றியமைத்தது. அழற்சி கூடினால் சுரப்பு கூடும், குறைந்தால் குறையும். எலிகளில் அழற்சி தணிந்தது. குடல் சுவர் தழும்பேறித் தடிப்பதும் குறைந்தது.