கடனட்டை மேற்கட்டணம்

வணிகர் கடனட்டையின் வழியே பணம் பெறுங்கால், அத்தொகை முழுதும் அவர் கைக்கு வருவதில்லை. அட்டை வழங்கிய வங்கியும் இடைநின்ற நிறுவனங்களும் தத்தம் பங்கைக் கழித்துக்கொண்டு எஞ்சியதையே அளிக்கின்றன. இக்கழிவை வாங்குவோரிடம் பெறுதலே மேற்கட்டணம் எனப்படும். அதனைப் பட்டியலில் அமைக்குமாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2013-ஆம் ஆண்டில் இதற்கு இசைந்தன. வீசா 2023 ஏப்ரலில் இதன் உச்சத்தை நூற்றுக்கு 3 எனக் குறைத்தது. அங்கே டெபிட் கார்டுக்கு இதனை விதித்தலாகாது. கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களோ இதனை முற்றும் விலக்கியுள்ளன. ஆதலின், கணினியிற் பட்டியல் எழுதும் மென்பொருளை அமைப்போர் மூன்றினைக் கருதுதல் வேண்டும். மேற்கட்டணம் பொருளின் விலையோடு கலவாது தனி வரியாகத் தோன்றுக. கடனட்டைக்கு மட்டுமே எழுக. பொருளைத் திருப்பித் தந்தார்க்கு விலையோடு அதுவும் விகிதப்படி திரும்புக.

கணக்கிலும் ஒரு நுட்பமுண்டு. கழிவு நூற்றுக்கு 2.5 எனக் கொள்வோம். 100 டாலர் பொருளுக்கு 102.50 டாலர் வாங்கினால், கழிவு அம்முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டு 2.56 டாலராகும், வணிகருக்கு 6 சென்டு குறையும். அதனை ஈடுசெய்யக் கருதி, தாம் செலுத்தும் விகிதத்திற்கு மேல் விதித்தல் முறையன்று; அச்சிறு குறையை அவரே ஏற்றல் வேண்டும்.

பணம் செலுத்துமுன்னரே வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அறிவித்துப் பெறுவது கட்டணம். மறைத்துப் பெறுவது வஞ்சனை. சில சென்டுகளை மீட்கப்போய் நெடுநாள் ஈட்டிய நம்பிக்கையை இழத்தல் எவ்வணிகர்க்கும் ஊதியமாகாது என்பதே நம் துணிபு.