எலக்ட்ரானுக்கு ஒரு நல்ல வழி

மரக்காணம் உப்பளத்துல கடல்தண்ணி வெயில்ல வத்தி உப்பு படியறதை ஈசிஆர்ல போறப்போ பாத்திருப்பீங்க. பெரோவ்ஸ்கைட் சோலார் செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான்: கரைசலைப் பூசி உலர்த்தினா படிகப் படலம் உருவாகும். 2009-ல ஜப்பானின் மியாசாகா குழு காட்டிய திறன் 3.8 சதவீதம், இப்போ ஆய்வகத்துல 26-ஐத் தாண்டியாச்சு.

வெளிச்சம் பட்டு கிளம்புற எலக்ட்ரானை மட்டும் வாங்கி மின்முனைக்கு அனுப்புறது, எலக்ட்ரான் கடத்தும் அடுக்கு. பழைய தேர்வு டைட்டானியம் ஆக்சைடு. அதை வழக்கமா 500 டிகிரி அளவுக்குச் சுடணும். புற ஊதாக் கதிர் பட்டா பெரோவ்ஸ்கைட் சிதையவும் அது தூண்டும். டின் ஆக்சைடுக்கு 150 டிகிரி அளவே போதும், அந்தத் தொல்லையும் குறைவு.

ஆனா மழையில உப்பு கரையுற மாதிரி, ஈரம் புகுந்தா பெரோவ்ஸ்கைட்டும் போச்சு. அதுல ஈயம் வேற இருக்கு. உப்புக்காத்து அடிக்கிற கூரைக்கு நல்ல அடுக்கு மட்டும் போதாது. இறுக்கமான உறையும் வேணும்.