பொதிகளைக் காக்கும் காரியஸ்தர்கள்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் பாரத இயங்குதளத்தைச் சென்னை சி-டாக் நிறுவனத்தார் வெளியிட்ட 2007-ஆம் ஆண்டையொட்டியே, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கைக்கொண்டிருந்தபடியால், லினக்ஸ் உலகின் இருபெரும் சம்பிரதாயங்களும் நம் மாநிலத்தில் ஒரே காலத்தில் பழக்கத்திற்கு வந்தன. மென்பொருளை நிறுவும் கட்டளை ஒன்றில் ஒரு விதம், மற்றதில் வேறு விதம்.

கல்யாண விருந்துக்குச் சமையற்காரரை அழைத்தால் எடுபிடிகளும் அண்டா குண்டான்களும் உடன் வந்தாக வேண்டுமல்லவா? மென்பொருட் பொதியும் தனியே இயங்குவதில்லை. அது சார்ந்திருக்கும் பொதிகள் பல. டெபியனின் அடிநிலைக் கருவியான டிபிகேஜி, கையில் கொடுத்த பொதியை மட்டும் பிரித்து வைத்து, சார்புப் பொதி இல்லையென்றால் வேலையைப் பாதியில் நிறுத்தி, எதெது குறைகிறது என்று முறையிட்டுவிட்டுச் சும்மா இருக்கும். இச்சங்கடத்தை ஒழிக்கவே 1999-இல் டெபியன் 2.1-உடன் ஆப்ட் வந்தது. களஞ்சியத்தின் ஜாபிதாவைப் பார்த்து, வேண்டியவற்றையெல்லாம் தானே தருவித்து, கிரமப்படி நிறுவும் காரியஸ்தர் அது. 'ஆப்ட்-கெட் மூ' என்று தட்டினால் திரையில் எழுத்துக்களாலான பசு ஒன்று தோன்றும். காரியஸ்தருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

ரெட் ஹேட் மரபிலோ ஆர்பிஎம் அடிநிலை. அதன்மேல் டியூக் சர்வகலாசாலையில் வளர்ந்த யம் நெடுங்காலம் கோலோச்சி, 2015-இல் ஃபெடோரா 22 வந்தபோது டிஎன்எஃப்-க்கு வழிவிட்டது. சார்புச் சிக்கலை அவிழ்க்க இப்புதியவர் நம்பியிருப்பது சூசேக்காரர்கள் இயற்றிய லிப்சால்வ் என்னும் நூலகத்தை. சூசேயின் சொந்தக் கருவியான ஸிப்பருக்கும் அதுவே மூளை. பொதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், ஸிப்பர் பரிகாரங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, எதுவென்று நம்மையே கேட்கும். டிஎன்எஃப் ஒவ்வொரு செயலையும் சரித்திரமாகக் குறித்துக்கொண்டு, கேட்டால் பழைய நிலைக்குத் திருப்பியும் தரும்; பரீட்சார்த்தமாக எதையேனும் நிறுவிக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு இது பெரும் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், பாஸ் வைத்திருக்கும் வாசகர் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஆப்டே போதும். நீக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 'ரிமூவ்' என்றால் அமைப்புக் கோப்புகள் வட்டிலேயே தங்கிவிடும்; 'பர்ஜ்' என்றால்தான் அவையும் போகும்.