வீதி எவ்வழிச் செல்வது?

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வாழும் நேயர்களுக்குக் காலி வீதியின் நெரிசலை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருபுறம் கடலும் புகையிரதப் பாதையும், மறுபுறம் கடைகளும் வீடுகளும் நெருக்க, விரிவதற்கு இடமின்றிக் கிடக்கும் வீதி அது. ஆதலால், தெற்கே செல்வோருக்கு உட்புறமாகப் புதியதொரு பெருவீதி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அவ்வெண்ணத்தின் பயனே தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. கொட்டாவையிலிருந்து காலி வரையான பகுதி 2011 நவம்பரிலும், அதற்கப்பால் மாத்தறை வரையான பகுதி 2014 இலும் திறக்கப்பட்டன. அந்த வீதி நிலத்தில் அமையுமுன்னர்த் தாளில் எவ்வாறு அமைந்தது என்பதே ஈண்டு நாம் நோக்க விழைவது.

சுற்றுச்சூழலுக்கு விளையக்கூடிய தாக்கத்தை முன்கூட்டியே ஆராயவேண்டும் என்னும் நியதியை, 1970 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமொன்று உலகுக்குக் காட்டியது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்திற்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தம் இதனைக் கட்டாயமாக்கிற்று. 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானிக் கட்டளைப்படி, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளும், 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டங்களும் இதற்கு உட்படும். அறிக்கை ஆயத்தமானதும் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளிவரும். அன்று தொடக்கம் 30 நாள்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.

அறிக்கையின் உயிர்நிலை மாற்றுவழிகளை ஒப்பிடுவதாகும். தென்மாகாணத் தாழ்நிலத்தில் இது எளிதன்று. சதுப்பு நிலத்திலே குடியிருப்பு அரிது. எனவே கோடு கீறுபவரின் கை இயல்பாக அப்பக்கம் சாயும். ஆயின் மழைவெள்ளத்தை ஏந்தி, மெல்ல மெல்ல வடியவிடுவது அந்நிலமே. அதன் குறுக்கே மண்மேடு எழுப்பினால் அஃது அணையாகிவிடும். மதகுகள் போதாவிடின் வெள்ளம் வயலிலும் முற்றத்திலும் ஏறும். மேட்டுநிலத்திற்கு ஒதுங்கினாலோ, அங்கே கறுவாத் தோட்டமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடும் நிற்கின்றன.

இந்தச் சிக்கல் தெற்கு நெடுஞ்சாலையில் அப்படியே நேர்ந்தது. வீதி அபிவிருத்தி அதிகார சபை வகுத்த தடம் ஒன்று. பின்னர் ஆராயப்பட்ட இணைந்த தடம் மற்றொன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் ஆயத்தஞ்செய்த அறிக்கையை ஆராய்ந்த மத்திய சுற்றாடல் அதிகார சபை, வெரஸ் கங்கை, கொக்கலை ஆகிய இடங்களின் ஈரநிலங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது முதலான நிபந்தனைகளுடன் 1999 இல் அங்கீகாரம் அளித்தது. நல்ல நிபந்தனையே. ஆனால் இறுதித் தடம் சில இடங்களில் முன்பு காட்டப்பட்ட கோடுகளை விட்டு விலகி, அதுவரை அச்சமின்றியிருந்த காணிகளுள் நுழைந்தது. அக்காணிகளின் உரிமையாளருக்குக் கருத்துரைக்கும் வாய்ப்பு எப்படிக் கிட்டும்? முந்தைய படத்தில் தம் வீடு இல்லாதவர் எதனை எதிர்த்து எழுதுவார்?

வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2004 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். தடம் மாறியபோது பாதிக்கப்படுவோரைக் கேட்டிருக்க வேண்டும்; கேளாமை இயற்கை நீதிக்கு மாறு என்பது முடிவு. எனினும் நாட்டு மக்களின் பொதுநலன் கருதி வீதியை நீதிமன்றம் நிறுத்தவில்லை. முறையிட்டோருக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. பெருந்தொகை செலவிடப்பட்டபின் வேறு வழி காண்பதும் அரிதுதான். ஆயினும், கேளாது விட்ட சொல்லுக்குப் பணம் ஈடாகுமென்று எமக்குத் தோன்றவில்லை. வீதிக்குக் கடன் வழங்கிய ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் மக்கள் முறையிட்டனர். வங்கியின் பரிசீலனைக் குழு 2005 இல் அறிக்கை அளித்தது.

எனவே, இத்தகைய அறிவித்தலைப் பத்திரிகையிற் காணும் நேயர், தம் வீடு கோட்டின்மேல் உள்ளதா என்று மட்டும் பார்த்து அமைதல் போதாது. கோடு எவ்வளவு தூரம் நகரக்கூடும், எந்த நிபந்தனையால் நகரும், நகர்ந்தால் மீண்டும் அறிவித்தல் உண்டா என்பனவற்றையும் அந்த 30 நாள்களுக்குள் எழுத்திலே கேட்டல் வேண்டும்.