அரசு மருத்துவமனையா, தனியார் ஆலோசகரா?



ஞாயிறு ஆராதனை முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்து, பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடிய பின்பும் ஒரு சகோதரி மட்டும் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். போதகரிடம் பேசுவதற்கல்ல, என் மனைவியிடம் பேசுவதற்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் ஆலையில் வேலை செய்கிறவர். மூத்த மகனுக்கு 22 வயது. பொருள்களைப் பொதிகட்டி அனுப்பும் கிடங்கு ஒன்றில் இரவுப் பணி. சபையில் கிட்டார் வாசிக்கிறவன். மூன்று மாதங்களாக அவன் அதைத் தொடவில்லை. வீட்டில் எவரோடும் பேசுவதில்லை. வேலைக்குப் போவதும் நின்றுவிட்டது.

"இருபத்தொரு நாள் உபவாசம் இருந்துவிட்டேன், அக்கா. இனி அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று மட்டும் சொல்லுங்கள். நிம்ஹான்ஸ் போனால் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்கள். பிரைவேட்டில் காட்ட எங்களிடம் பணம் இல்லை" என்றார்.

இந்தக் கேள்வி அந்தச் சகோதரியின் வீட்டில் மட்டும் எழுந்ததல்ல. சொந்த ஊரைவிட்டுப் பிழைப்புக்காகப் பெருநகரம் வந்த நம்மில் அநேகருடைய வீடுகளில் இது இரவு நேரத்தில் எழுகிறது, விடியும்போது அடக்கப்படுகிறது. 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, மனநலக் குறைபாடுகள் பெருநகரங்களில் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. பெரும்பாலான குறைபாடுகளில், பாதிக்கப்பட்டவர்களுள் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை எட்டவே இல்லை.

ஜெபமா மருத்துவமா என்ற வாதத்திற்குள் நான் செல்லப்போவதில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே சுகத்திற்காக ஜெபிக்கிறவர்கள்தான் நாம். ஒன்றை மாத்திரம் சொல்லியாக வேண்டும். ஒரு வாலிபன் "எனக்குச் சத்தம் கேட்கிறது" என்று சொன்னால், நம் சபைகளில் அதை இரண்டில் ஒன்றாகவே எண்ணுகிறோம்: தேவனுடைய சத்தம், அல்லது அசுத்த ஆவியின் சத்தம். மூன்றாவதாக நோய் என்று ஒன்றும் உண்டு. அது தக்க மருந்தால் பெரும்பாலும் தணியக்கூடியது.

எங்கே போவது என்று தீர்மானிக்குமுன், யாரிடம் போவது என்பதை அறிய வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்பின் மனநல மருத்துவம் பயின்றவர். மருந்து எழுதிக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது. மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. சோதனைகள் மூலம் நிலையைக் கணித்து, முறையான பேச்சுச் சிகிச்சை அளிப்பார். அவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மூன்றாமவர் ஆலோசகர். இந்தப் பெயர்தான் சிக்கலானது. முதுகலைப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் பழகியவரும் ஆலோசகர். சில வாரப் பயிற்சிக்குப்பின் பெயர்ப்பலகை மாட்டியவரும் ஆலோசகர். தனியாரிடம் செல்வதானால், "எங்கே படித்தீர்கள்? உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில அடையாளங்கள் தென்பட்டால் ஆராய்ந்து கொண்டிருக்க நேரமில்லை. சாவதைப் பற்றிப் பேசுதல், தன்னைக் காயப்படுத்திக் கொள்ளுதல், பல நாள் உறங்காமலிருந்தும் களைப்பின்றி அளவுகடந்த வேகத்தோடு திரிதல், பிறருக்குக் கேளாத குரல்களோடு உரையாடுதல், உணவையும் தண்ணீரையும் மறுத்தல், பிள்ளைப்பேற்றுக்குப்பின் தாய் குழம்பிப் பேசுதல் ஆகியவற்றில் எதுவும் இருந்தால், அன்றைக்கே மனநலப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தனி அறையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் ஆலோசகர் எவ்வளவு நல்லவரானாலும், அந்த நிலைக்கு அவர் போதாது. பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது.

அந்த மருத்துவமனையைப் பற்றிய பயம் பெரும்பாலும் அதன் வாசலைக் கடவாதவர்களிடமே இருக்கிறது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் ஒன்றாக்கப்பட்டு உருவானது அது. 2012-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமென்று அறிவிக்கப்பட்டது. தலைவலிக்கும் வலிப்புக்கும் வருகிறவர்களும் அதே வளாகத்திற்குத்தான் வருகிறார்கள். மதுப்பழக்கத்திலிருந்து மீள்வதற்குத் தனிப் பிரிவு உண்டு. கணவன் மனைவி பிள்ளைகள் என்று குடும்பமாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவும் உண்டு. மனநோய் என்று சொல்லத்தக்க நிலைக்குச் செல்லாத கவலைகளுக்காகப் பெரிய வளாகத்திற்கு வெளியே பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு நல்வாழ்வு மையத்தையும் நடத்துகிறார்கள்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் நாள் என்பது ஒரு முழு நாள். சீட்டு வாங்கக் காலையிலேயே நிற்க வேண்டும். முதலில் ஒருவர் சுருக்கமாகக் கேட்பார். பிறகு பயிற்சி மருத்துவர் ஒருவர் விரிவாகக் கேட்பார். அதன்பின் மூத்த மருத்துவர் பார்ப்பார். சொன்னதையே மூன்று தரம் சொல்ல நேரிடும். அடுத்த முறை போகும்போது அதே மருத்துவர் இருப்பார் என்ற உறுதியும் இல்லை, ஏனெனில் பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டேயிருப்பார்கள். சபைச் சகோதரர் ஒருவரோடு நான் ஒருமுறை அரசு மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் ஆறு மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். மருத்துவர் பார்த்தது இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்தபோது எனக்குத்தான் சலிப்பு. அவரோ, "இத்தனை நாளில் இன்றைக்குத்தான் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டார்" என்றார். எனக்கு வெட்கமாயிருந்தது, ஏனெனில் அவரை நான் இரண்டு மாதமாகச் சந்தித்துக் கொண்டிருந்தேன்.

தனியாரிடம் கிடைப்பது நேரமும் தொடர்ச்சியும்தான். மாலையிலோ சனிக்கிழமையிலோ நேரம் குறித்துக்கொண்டு போகலாம். விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அதே முகம், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். பேச்சுச் சிகிச்சைக்கு இவை அற்பமானவையல்ல. விலைதான் தடை. பெங்களூர் போன்ற நகரத்தில் ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை கேட்பது வழக்கமாயிருக்கிறது. பேச்சுச் சிகிச்சை ஒன்றிரண்டு சந்திப்புகளில் முடிவதில்லை. 1,500 ரூபாய் வீதம் பன்னிரண்டு அமர்வு என்றால் 18,000 ரூபாய். கடன் வாங்கி மூன்று முறை போய்விட்டு நான்காம் முறை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் பல. பாதியில் நிறுத்தியவர் "ஆலோசனையால் எனக்குப் பயன் இல்லை" என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். அது பணச்சேதத்திலும் பெரிய சேதம். ஆகையால் முதல் சந்திப்பிலேயே, "எத்தனை அமர்வு வேண்டியிருக்கும்? கட்டணத்தைக் குறைக்க இயலுமா?" என்று கேட்டுவிடுங்கள். வருமானத்திற்கேற்பக் குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி மொழி. நம்மைப் போன்றவர்களுக்கு இது பணத்தைவிடப் பெரிய காரியம் என்று நான் எண்ணுகிறேன். பெங்களூரில் தமிழ் அறிந்த மருத்துவர்கள் கிடைத்துவிடுவார்கள். மும்பையில் தாராவியிலுள்ளவர்களுக்குச் சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தானேயில் 1901 முதல் மனநல மருத்துவமனை இருக்கிறது. டெல்லியில் தில்ஷாத் கார்டனில் இப்பாஸ் உண்டு. ஆனால் அங்கே போகிற தாய்க்கு இந்தி கடைக்குப் போகுமளவுக்கே தெரியும். பள்ளியில் படிக்கும் மகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்கிறார்கள். கணவனால் தான் படும் துயரத்தை ஒரு தாய் பதினான்கு வயது மகளின் வாயால் மருத்துவருக்குச் சொல்ல முடியுமா? சொல்லமாட்டாள். "தலைவலி, தூக்கமில்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வருவாள். அப்படிப்பட்டவர்கள் மகளை விட்டுவிட்டு, சபையிலோ அயலிலோ உள்ள நம்பத்தக்க ஒரு பெண்ணை அழைத்துச் செல்வது நல்லது. இல்லையேல் தொலைபேசியில் தமிழில் பேசும் ஆலோசகரை நாடலாம்.

அதற்கென்று அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்னும் சேவையின் எண் 14416. எந்த மாநிலத்திலிருந்தும், எந்த நேரத்திலும், கட்டணமின்றி அழைக்கலாம். தமிழைத் தெரிவு செய்துகொள்ளலாம். பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு வீட்டு மொட்டைமாடியிலிருந்தே முதல் அடி எடுத்துவைக்க இது ஏற்றது.

பெயரைப் பற்றிய அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியாரிடம் போகிறவர்களில் பலர் நல்ல சிகிச்சைக்காகப் போவதில்லை. சபையாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் போகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைப் பற்றிய விவரங்களைக் காக்கும் கடமையை அரசு, தனியார் இருசாராருக்கும் விதித்திருக்கிறது. இரகசியம் கசிவது பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து அல்ல, பிரியமானவர்களே. "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் நம்முடைய கைபேசிகளிலிருந்துதான்.

அதே சட்டத்தில் புலம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு விதி உண்டு. வறுமைக்கோட்டிற்குக் கீழ் வாழ்கிறவர், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்துகிற அல்லது அரசு நிதியில் இயங்குகிற மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமை உடையவர். குடும்ப அட்டை ஊரில் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேட்டுப் பார்த்து, நிலைமையை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அச்சட்டம் கூறுவதை அறிந்திருங்கள். ஆயினும் வெளிநோயாளராகச் செலுத்தும் ஆலோசனைக் கட்டணத்தைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை.

ஈ.எஸ்.ஐ. அட்டையைப் பலர் மறந்தே போகிறார்கள். அதன் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மனநோய்க்கும் உரியவை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்த தொழிலாளிக்கு, நீடித்த நோய்கள் 34-க்கு ஊதியத்தில் 80 விழுக்காடு வரை நீட்டித்த நோய்க்காலப் பலன் கிடைக்கும். மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அந்தப் பட்டியலில் உள்ளன.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும். முதல் வாரத்தில் பலன் இல்லையென்று விட்டுவிடுவதும், நன்மை தெரிந்தவுடன் சாட்சி சொல்லிவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஒருபோல ஆபத்தானவை. லித்தியம் என்னும் மருந்து உட்கொள்கிறவர்கள் தண்ணீரும் அருந்தாமல் உபவாசிக்கக் கூடாது. உடலில் நீர் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் மிஞ்சி நஞ்சாகிவிடும். போதகர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

அந்தச் சகோதரியின் மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் சாவைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்பதை மறுநாள்தான் அந்தத் தாய் வாய்திறந்து சொன்னார். ஆகவே தனியாரைப் பற்றிய பேச்சை அப்படியே விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் ஓசூர் சாலைக்கே சென்றோம். மருந்து அங்கிருந்துதான் தொடங்கியது. இரண்டு மாதத்திற்குப்பின் அவன் சற்றுப் பேச ஆரம்பித்தபோது, வாரநாளில் விடுப்பெடுக்க இயலாததால், தமிழ் பேசும் ஓர் ஆலோசகரைச் சனிக்கிழமைகளில் சந்தித்தான். அவர் பாதிக் கட்டணம் வாங்கினார். மருந்து ஓரிடம், பேச்சு ஓரிடம். இரண்டிடத்திலும் ஒன்றை மற்றதற்கு மறைக்காமல் சொன்னான். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். அவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது என்பது எங்களுக்கு நான்காம் மாதத்தில்தான் தெரியவந்தது.

முதல் முறை செல்கிறவர்கள் பழைய சீட்டுகள், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (நாட்டு மருந்தானாலும் சரி), ஆதார், இருந்தால் வருமானச் சான்று, மதிய உணவு, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு எவருக்கும் இருந்ததா என்பவற்றை முந்தின இரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தனியே போகாதீர்கள். வரிசையில் நிற்க ஒருவரும், நோயுற்றவரோடு அமர்ந்திருக்க ஒருவருமாக இரண்டு பேர் உடன்செல்வது நல்லது. சபையில் ஆராதனைக்கு நாற்காலி போடுகிற வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.