ஒரே கேமரா, மூன்று அமைச்சகங்கள்

புதுதில்லி: திரைப்படத்தையோ புகைப்படக் கலையையோ மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கற்க விரும்பும் மாணவரின் செலவு, அவர் எந்த அமைச்சகத்தின் வாசலில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. 1960-ல் புணேயில் தொடங்கப்பட்ட திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனமும், 1995-ல் கொல்கத்தாவில் அமைந்த சத்யஜித் ராய் நிறுவனமும் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. புகைப்பட வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு நடத்தும் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வர்த்தக, தொழில் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அங்கு ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் பேசப்படுகிறது. தில்லி ஜாமியா மிலியா இஸ்லாமியாவின் மக்கள் தொடர்பு ஆய்வு மையமோ மத்திய பல்கலைக்கழகத்தின் அங்கம் என்பதால் கல்வி அமைச்சகத்தின் வரம்புக்குள் வருகிறது. கட்டணமும் அதைவிட வெகு குறைவு. கேமரா ஒன்றுதான், கஜானாவும் ஒன்றுதான்.

நாடாளுமன்றத்தில் கட்டணம் பற்றி உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினால், ஒவ்வோர் அமைச்சகமும் தனது நிறுவனத்துக்கு மட்டுமே பதில் தருகிறது. மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எவருடைய பொறுப்பும் அல்ல என்றாகிவிட்டது.

இதன் விளைவு புணேயில்தான் வெடித்தது. 2019 டிசம்பரில் அந்நிறுவனத்தின் மாணவர்கள் நால்வர் உண்ணாவிரதம் தொடங்கினர். கொல்கத்தா மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். ஆண்டுதோறும் 10 சதவீதக் கட்டண உயர்வு என்ற விதியே அவர்களது முதல் எதிர்ப்பு. 10 சதவீதம் என்பது காதுக்குச் சிறிதாகத்தான் கேட்கும். ஆனால், உயர்ந்த தொகையின் மீதே மீண்டும் உயர்வு ஏறுவதால், எட்டு ஆண்டுகளுக்குள் கட்டணம் இரட்டிப்பாகிவிடும். 2013-ல் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.55,380 ஆக இருந்த கட்டணம், 2020-ல் சேர்பவர்களுக்கு ரூ.1,18,323 ஆகிறது என்று மாணவர்கள் கணக்குக் காட்டினர். நுழைவுத் தேர்வுக் கட்டணம் 2015-ல் ரூ.1,500 ஆக இருந்து ரூ.10,000 வரை சென்றுவிட்டது என்பது அவர்களது இன்னொரு புகார். இடம் கிடைக்காதவர்களும் சேர்ந்து செலுத்தும் தொகை அது என்பதை மறந்துவிடக் கூடாது. கிராமத்து மாணவரைத் தேர்வறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட இந்த ஒன்று போதும்.

கட்டண அட்டவணையில் இடம்பெறாத செலவு ஒன்றும் உண்டு, அது காலம். மூன்றாண்டுப் படிப்பு புணேயில் மூன்றாண்டில் முடிந்ததாகச் சொல்வோர் குறைவு. 2008-ல் சேர்ந்தவர்களின் முடிவுறாத பட்டயப் படங்களை 2015-ல் மதிப்பிட நிர்வாகம் முயன்றபோதுதான் மோதல் மூண்டு, ஆகஸ்ட் மாதம் நள்ளிரவில் மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். தாமதத்துக்கு யார் காரணம் என்ற வழக்கு தனி. ஏழாண்டு விடுதி வாழ்க்கைக்கு வீட்டிலிருந்து பணம் வந்தாக வேண்டும் என்பது மட்டும் உறுதி.

தனியாரிடம் போனால் செலவு இன்னும் பல மடங்கு. மும்பை திரைப்பட நகரில் சுபாஷ் கய் நிறுவிய விஸ்லிங் வுட்ஸ் போன்றவற்றில் மொத்தச் செலவு பல லட்சங்களாகிறது. அந்நிறுவனத்துக்கு மகாராஷ்டிர அரசு சார்பில் ஒதுக்கப்பட்ட 20 ஏக்கர் நிலத்தைத் திரும்பப் பெறுமாறு 2012-ல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் கல்வி என்றாலும் அடியில் இருந்தது பொது நிலம்!

கடனாவது கைகொடுக்குமா? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பிணையின்றிக் கடன் தருகிறது. ஆனால், மத்திய அரசு நிறுவனங்கள் நீங்கலாக, மற்றவற்றை அது தேசியத் தரவரிசையைக் கொண்டே தெரிவு செய்கிறது. அந்தத் தரவரிசையில் பொறியியலுக்கும் மருந்தியலுக்கும் சட்டத்துக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. திரைப்படக் கல்விக்கு இல்லை.

மாநில அரசு ஒன்று வேறு வழியில் நடக்க முடியும் என்பதற்குச் சென்னை சாட்சி. 1945-ல் பாலிடெக்னிக்கின் ஒரு துறையாகத் தொடங்கி, இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இயங்கும் நிறுவனம், சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் கட்டணத்திலேயே நடந்துவந்திருக்கிறது. பி.சி. ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் அங்கு ஒளிப்பதிவு கற்றவர்கள்தாம். கருவிகள் பழசு என்ற குறை அங்கு உண்டு என்றாலும், கதவு திறந்திருக்கிறது.

2025 ஏப்ரலில் புணே, கொல்கத்தா நிறுவனங்களுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வழங்கப்பட்டது. இனி பட்டயத்துக்குப் பதில் பட்டமே தரலாம். நிதி தருவது இப்போதும் தகவல், ஒலிபரப்பு அமைச்சகம்தான். அதன் மானியக் கோரிக்கைகளோ பெரும்பாலான ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இன்றி, கடைசி நாளில் மற்றவற்றோடு மொத்தமாக நிறைவேற்றப்படுகின்றன. 10 சதவீத விதியைப் பற்றிக் கேட்க விரும்பும் உறுப்பினருக்கு எஞ்சியிருப்பது நிலைக்குழுவும் கேள்வி நேரமும்தான்.